ஆக்குபேஷனல் தெரபியில் குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகள் எங்கேதான் பயன்படுகின்றன?

ஆக்குபேஷனல் தெரபி என்பது அன்றாடக் காரியங்களைத் தானாகச் செய்ய உதவும் சிகிச்சை. அதைப் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பியாஜே, எரிக்சன், கெசல், வைகோட்ஸ்கி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியாகிவிட்டது. குழந்தைகள் பிரிவுக்குப் பயிற்சிக்காகப் போஸ்டிங் போனால் அங்கே ஊஞ்சல் ஆட்டுவதும் மணி கோர்ப்பதும்தான் நடக்கிறது. இந்தக் கோட்பாடுகளை உண்மையில் யாராவது பயன்படுத்துகிறார்களா?"

நியாயமான கேள்வி. நானும் பியாஜேயின் நான்கு நிலைகளைப் பரீட்சைக்கு முந்தைய இரவு உருப்போட்டு, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் மறந்தவன்தான். வேலைக்கு வந்து சில வருடங்கள் கழித்து, ஒரு குழந்தையின் முன்னால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதனால் கோட்பாடு கோட்பாடாகச் சொல்லாமல் ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். நான் பார்த்த பல குழந்தைகளைக் கலந்து செய்த பையன் இவன்.

ஐந்தரை வயது, யு.கே.ஜி. எழுதுவதில்லை, ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று பள்ளியில் புகார். அம்மா நோட்டை எடுத்துக் காட்டுகிறார். நான்கு கோட்டு நோட்டில் கர்சிவ், அதாவது ஆங்கிலக் கூட்டெழுத்து. பாதி அழித்தது, பாதி கிழிந்தது. ஏற்கனவே ஓரிடத்தில் ஆறு மாதம் தெரபிக்குப் போயிருக்கிறான். ஊஞ்சல், பெரிய பந்து, கையில் பிரஷ் தேய்ப்பது. "உட்கார்றது கொஞ்சம் பரவாயில்லை சார், எழுத்துதான் வரவே மாட்டேங்குது."

இப்படி ஒரு பிள்ளை வந்ததும் நம் கை தானாகப் போவது கெசலிடம், அவர் பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும். அர்னால்ட் கெசல் யேல் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து குழந்தைகளைப் படமெடுத்து, எந்த வயதில் எது வருகிறது என்று கணக்குப் போட்டவர். இன்று நம் கையில் இருக்கும் மைல்கல் பட்டியல்களில் பலவற்றுக்கு அவர்தான் மூலம். பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து வடிவங்களைப் பார்த்து வரையச் சொல்கிறேன். பொதுவாக மூன்று வயதில் வட்டம் வரும், நான்கில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம், ஐந்தைத் தாண்டித்தான் முக்கோணம். சாய்வுக் கோடு கைக்கு அவ்வளவு கஷ்டம். இவனுக்கு வட்டம் வருகிறது, கூட்டல் குறி வருகிறது. சதுரத்தின் மூலைகள் உருண்டுவிடுகின்றன. முக்கோணம் இல்லை. அதாவது கையின் கணக்கில் இவனுக்கு இன்னும் நான்கு வயதுதான். பள்ளி கேட்பதோ, கையை எடுக்காமல் திசை மாற்றிக்கொண்டே போகும் கர்சிவ்.

தமிழ் எழுத்தையும் இந்தக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். 'ட'வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். 'ப'வுக்கு மூன்று கோடு. கூட்டல் குறி போடத் தெரிந்த பிள்ளைக்கு இவை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் நாம் பிடித்து உட்கார வைப்பது 'அ'வில்: சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒரே எழுத்தில். மூன்றாவதாக வரும் 'இ' அதைவிட மோசம். அகரவரிசை வாய்க்கான வரிசை. கைக்கு வேறு வரிசை இருக்கிறது. வாயால் அ, ஆ சொல்லட்டும், கையால் ட, ப போடட்டும் என்று நான் சொன்னால் சில பாட்டிமார் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

கெசலிடம் ஒரு வம்பும் இருக்கிறது. வளர்ச்சி உள்ளிருந்து தானாக முதிர்வது என்று அவர் உறுதியாக நம்பினார். 1929-இல் வெளியான இரட்டையர் ஆய்வு பிரபலம். ஒரு குழந்தைக்கு 46-வது வாரத்திலிருந்து ஆறு வாரம் படியேறப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றொன்றுக்கு 53-வது வாரத்தில் தொடங்கி இரண்டே வாரம். அது கிட்டத்தட்ட முதல் குழந்தை அளவுக்கு வந்துவிட்டது. இதிலிருந்து 'காலம் வந்தால் தானா வரும்' என்ற முடிவுக்குப் போவது சுலபம். இரண்டரை வயதுவரை பேச்சு வராத பிள்ளையைக் காட்டியபோது "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று அனுப்பிவைத்த கதைகள் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள், காத்திருக்கும் தத்துவத்தை விட்டுவிடுங்கள்.

அட்டவணையிலும் வயதை ஒற்றைப் புள்ளியாகப் பார்க்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், பிடிக்காமல் தனியாக நடப்பதற்கான இடைவெளி 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. அதே ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. "தவழாம நடந்துட்டான், அதனாலதான் எழுத்து வரலையா?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். அதற்காக எட்டு வயதுப் பையனைத் தரையில் தவழவிடும் சிகிச்சையும் சில இடங்களில் நடக்கிறது. பாவம் பிள்ளைகள்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பிள்ளைத்தமிழ் பள்ளியில் படித்திருப்பீர்கள். இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களின் கணக்கில் ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை கொட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை: நடந்து வருவது. 'அப்பவே நம்ம முன்னோர்கள்' என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. அவை சிகிச்சை நூல்கள் அல்ல, இலக்கிய மரபு. ஆனால் இரண்டு கையும் உடம்பின் நடுக்கோட்டில் சந்தித்துத் தட்ட வேண்டுமானால், ஊன்றிக்கொள்ளக் கை தேவைப்படாமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரிசையைக் கவனித்துப் பார்த்தவர்கள்தான் சப்பாணியைச் செங்கீரைக்குப் பின்னால் வைத்திருக்க முடியும். எனக்கு இதைப் பாடமாக நடத்தியிருந்தால் தேர்வுக்கு முந்தைய இரவு கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, பியாஜே. குழந்தையின் சிந்தனை நான்கு நிலைகளாக வளர்கிறது என்றவர். எழுத்து வராத நம் பையனுக்கு அவர் அதிகம் உதவமாட்டார். அவன் குச்சியைப் பேருந்து என்று சொல்லி ஓட்டுகிறானா, தான் கிறுக்கியதைக் காட்டி "இது யானை" என்கிறானா என்று பார்ப்பேன். ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்பது பிடிபடாத பிள்ளைக்கு எழுத்தும் வெறும் கோடுதான். இவனுக்கு அது இருக்கிறது, எனவே மேலே போகலாம்.

பியாஜே உண்மையில் கை கொடுப்பது கடுமையான வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம். ஒன்பது வயதுப் பெண். பேச்சில்லை, பொருளைக் கொடுத்தால் வாயில் வைக்கிறாள், தட்டுகிறாள், எறிகிறாள். வயதைப் பார்த்து மணி கோர்க்கக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நேரம் வீண். பொம்மையைத் துணியால் மூடினால் தேடுகிறாளா? துணியை இழுத்தால் மேலே இருக்கும் பிஸ்கட் வரும் என்று தெரிகிறதா? இவை பியாஜே சொன்ன முதல் நிலையான புலன்-இயக்க நிலையின் உட்படிகள். அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்தால், பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும் கருவியா, படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பதா, எது அடுத்தது என்று முடிவெடுக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, என்னைக் கேட்டால் ஒரு தெரபிஸ்ட் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மறைத்த பொருள் இன்னும் இருக்கிறது என்ற அறிவு எட்டு மாத வாக்கில்தான் வருகிறது என்றார் பியாஜே. குழந்தை கையை நீட்டித் தேடுகிறதா என்பதுதான் அவருடைய அளவுகோல். 1987-இல் ரெனே பையார்ஜான் என்ற உளவியலாளர் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தார். நடக்க முடியாதது நடந்ததாகக் காட்டினால் மூன்றரை, நாலரை மாதக் குழந்தைகளே அதிக நேரம் உற்றுப் பார்த்தன. இதற்கு என்ன அர்த்தம் என்று உளவியலாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். நமக்குள்ள பாடம் வேறு. மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத செரிப்ரல் பால்சி உள்ள குழந்தையின் கை, தான் நினைத்த இடத்துக்குப் போகாது. கையை வைத்து அளந்தால் 'இதுக்கு ஒண்ணும் புரியலை' என்று எழுதிவிடுவோம். அதே குழந்தை கண்ணால் சரியான கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். புரியவில்லையா, கை சொன்னபடி கேட்கவில்லையா என்ற கேள்வியைக் கேட்காமல் எந்தப் பரிசோதனையையும் முடிக்காதீர்கள்.

வைகோட்ஸ்கி பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்து, 37 வயதில் காசநோயில் இறந்தவர். மாற்றுத்திறன் குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்தவர் என்பது நம் புத்தகங்களில் அதிகம் வருவதில்லை. பிள்ளை தனியாகச் செய்வது ஒன்று, இன்னொருவர் துணையோடு செய்வது ஒன்று. நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார். இதை நாம் தினமும் செய்கிறோம், எழுதத்தான் தவறுகிறோம். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்கும் மதிப்பெண் தாளில் பூஜ்யம். ஒருவனிடம் "அந்த ஓட்டைக்குள்ள விடு" என்று சொன்னாலே போடுகிறான். இன்னொருவனுக்குக் கை மேல் கை வைக்க வேண்டியிருக்கிறது. இருவருக்கும் ஒரே சிகிச்சைத் திட்டமா? கேஸ் ஷீட்டில் 'இயலவில்லை' என்று எழுதாமல், என்ன உதவி கொடுத்தால் இயன்றது என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் அந்த வரியில்தான் தெரியும்.

நம் பையனோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை பென்சிலை எடுத்தேன். "எனக்கு வராது" என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இது எரிக்சனின் இடம். மனமும் சமூக உறவும் வளர்வதை எட்டு நிலைகளாகப் பிரித்தவர் அவர். மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் தானாக ஒன்றைத் தொடங்கிப் பார்க்கும் துணிச்சல், அதற்குப் பிறகு 'என்னால் முடியும்' என்ற உழைப்பு. எட்டு நிலைகளையும் நீங்கள் ஒப்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கை பின்னால் போவதைப் பார்த்ததும், முதல் இரண்டு வாரம் பென்சிலையே எடுக்கக் கூடாது என்று தோன்றினால் போதும்.

எரிக்சனை நம் வீடுகளில் அப்படியே பொருத்தினால் ஒரு சிக்கல் வரும். இரண்டு வயதுக்குள் குழந்தை தானாகச் சாப்பிட்டுப் பழக வேண்டும் என்பது மேற்கத்தியப் பட்டியல்களின் கணக்கு. நம் ஊரில் யு.கே.ஜி. வரை ஊட்டிவிடும் பாட்டி சாதாரணம். அந்தப் பிள்ளைக்குத் தானாகச் சாப்பிடும் பகுதியில் மதிப்பெண் குறையும். அது திறமைக் குறைவா, வாய்ப்பே கிடைக்காததா? தட்டை முன்னால் வைத்துவிட்டு, பாட்டியை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குழந்தையைச் சுற்றி வீடு, பள்ளி, ஊர், சட்டம் என்று வளையங்கள் இருப்பதாக 1979-இல் உளவியலாளர் ப்ரான்ஃபென்பிரென்னர் எழுதியது பெரிய தத்துவமாகத் தெரியலாம். நடைமுறையில் அது இந்தப் பாட்டிதான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பும் அதுதான்.

அடுத்து ஊஞ்சல். ஜீன் அயர்ஸ் நம் ஆள். கலிபோர்னியாவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்து, மூளை எப்படிப் புலன்களை ஒன்றுசேர்க்கிறது என்று ஆராய்ந்து 1972-இல் தன் கோட்பாட்டைப் புத்தகமாக்கியவர். சமநிலை, தசை-மூட்டு உணர்வு, தொடுதல் ஆகிய மூன்றையும் அவர் அடித்தளமாக வைத்தார். ஆனால் அவர் சொன்னதில் ஊஞ்சலை ஆட்டுவது தெரபிஸ்டின் வேலை அல்ல. பிள்ளை தானாக ஏற வேண்டும், ஆட வேண்டும், கொஞ்சம் கஷ்டமாக, ஆனால் முடிகிற அளவில் ஒரு சவால் இருக்க வேண்டும். பிள்ளையை உட்கார வைத்துவிட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மறுகையில் போன் பார்ப்பதற்கு அயர்ஸைக் குற்றம் சொல்லக் கூடாது. பிரஷ் தேய்ப்பதும் அவருடையது அல்ல. அது வில்பார்கர் என்ற இன்னொரு தெரபிஸ்ட் வழியாகப் பின்னால் வந்தது.

ஆதாரம் எப்படி என்று கேட்பீர்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளில், முறைப்படி இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் பெற்றோர் வைத்த இலக்குகளில் அதிகம் முன்னேறினார்கள். மறுபக்கம், ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லி, பலன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தொடர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-இலேயே எச்சரித்தது. என் அனுபவத்தில் இரண்டுமே சரி. நம் பையன் உட்காருவது கொஞ்சம் தேறியதற்கு ஊஞ்சல் உதவியிருக்கலாம். ஊஞ்சலில் ஆடி ஆடி எழுத்து வராது. கையெழுத்துச் சிகிச்சைகளை அலசிய 2011-ஆம் ஆண்டு தொகுப்பாய்வின் முடிவு தெளிவானது: எழுதிப் பழகாத சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை, இருபது அமர்வுக்குக் குறைவானதும் பலிக்கவில்லை.

உங்கள் பாடத்தில் கடைசி அத்தியாயமாகவோ, இல்லாமலோ போயிருக்கக்கூடியவர், குழந்தைகளின் அசைவை ஆராய்ந்த உளவியலாளர் எஸ்தர் தெலன். எனக்குப் பிடித்தவர் இவர்தான். பிறந்த குழந்தையைத் தூக்கி நிறுத்தினால் நடப்பதுபோல் கால் எடுத்து வைக்கும், இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும். மூளை முதிர்ந்து அந்த அனிச்சையை அடக்கிவிடுகிறது என்றுதான் காலகாலமாகச் சொல்லிவந்தார்கள். அதே குழந்தையைப் படுக்க வைத்தால் அதே தாளத்தில் உதைத்துக்கொண்டிருப்பதைத் தெலன் கவனித்தார். அப்படியானால் மூளை எதையும் அழிக்கவில்லை. கால் சதை போட்டுக் கனமாகிவிட்டது, தூக்கப் பலம் போதவில்லை, அவ்வளவுதானோ? 1984-இல் வந்த ஆய்வில் குழந்தையைத் தண்ணீரில் நிறுத்தினார்கள். கனம் குறைந்தது, நடை திரும்ப வந்தது. காலில் சின்ன எடை கட்டினால் நடை குறைந்தது.

இதை வாசித்தபிறகு நான் குழந்தையை மட்டும் பார்ப்பதை நிறுத்தினேன். உடம்பு, செய்யும் காரியம், சுற்றுப்புறம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு அசைவு பிறக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக நகரும். நம் பையனின் வகுப்பறைப் படத்தை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். பெஞ்சில் அவன் கால் தரையில் எட்டவே இல்லை, தொங்குகிறது. மேஜை நெஞ்சு உயரம். தொங்கும் காலோடு உட்கார்ந்து நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், எழுந்து ஓடத் தோன்றும். காலுக்கு அடியில் ஒரு மரப்பலகை வைக்கச் சொன்னேன். நீளமான பென்சிலுக்குப் பதில் ஒரு அங்குலச் சாக்பீஸ் துண்டு. அதை முஷ்டியால் பிடிக்க இடமே இல்லை, மூன்று விரல்தான் பிடிக்கும். நோட்டுக்குப் பதில் சுவரில் மாட்டிய சிலேட்டு. செங்குத்தான பரப்பில் மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கும். "ஒழுங்கா பிடி" என்று ஒரு தடவைகூட யாரும் சொல்லத் தேவையில்லை. நடைவண்டிக்கும் உட்கார வைத்து உருட்டும் வாக்கருக்கும் உள்ள வித்தியாசமும் இதே கணக்குதான். முன்னதில் பிள்ளையின் எடையைப் பிள்ளையே தாங்கும். பின்னதை 2004-இல் கனடா தடையே செய்துவிட்டது, விபத்துகளுக்காக.

இத்தனைக்கும் பிறகு, கோட்பாடுகளால் நேரும் பெரிய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவற்றை ஏணியாக நினைப்பது. முதலில் கழுத்து நிற்க வேண்டும், அப்புறம் உட்கார வேண்டும், அப்புறம் தவழ வேண்டும், அதற்கு முன் கரண்டி பற்றிப் பேசக் கூடாது என்று எட்டு வயதுப் பிள்ளையைப் பாயில் புரட்டிக்கொண்டிருப்பது. செரிப்ரல் பால்சி குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 2002-ஆம் ஆண்டு கனடா ஆய்வின்படி, உட்காருவது, நடப்பது போன்ற பெருந்தசை இயக்கத்தில் ஒரு குழந்தை எட்டக்கூடிய அளவில் 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறது. பாதிப்பு கடுமையாக இருந்தால் மூன்று வயதுக்கு முன்பே. இதைத் தெரிந்துகொண்டு எட்டு வயதில் இன்னும் கழுத்துக்காகக் காத்திருப்பது அந்தப் பிள்ளையின் நேரத்தைத் திருடுவது. நல்ல நாற்காலி போடுங்கள், தலைக்குத் தாங்கல் கொடுங்கள், தடித்த பிடி வைத்த கரண்டியைக் கையில் கொடுங்கள்.

நம் துறைக்குள்ளேயே இதை யோசித்தவர் லீலா லோரன்ஸ். 1969-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவில் வளர்ச்சியை இரண்டு திசையில் பார்க்கச் சொன்னார்: வருடங்களின் ஊடே நீளவாக்கில் ஒன்று, ஒரே வயதில் உடல், மனம், சமூகம், மொழி எல்லாம் அகலவாக்கில் ஒன்று. நோயோ குறைபாடோ இந்த நெசவில் ஓட்டை போடும்போது, செயல்களைக் கொண்டு அதை இட்டு நிரப்புவதுதான் நம் வேலை என்றார். நீளவாக்கில் மட்டும் பார்ப்பவர்கள் ஏணிக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டு வயதுக்கான நண்பர்களும் விளையாட்டும் வேண்டும், அவன் கழுத்து எந்த மாதத்தில் நின்றாலும் சரி.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதை எப்படிச் சொல்வது என்று அடுத்து கேட்பீர்கள். பியாஜேயின் நிலைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். போஸ்டிங்கில் பார்த்த ஒரு பிள்ளையில் தொடங்குங்கள்: இதைக் கவனித்தேன், இந்தக் கோட்பாட்டின்படி இதற்கு இது காரணமாக இருக்கலாம், அதனால் இதை மாற்றிப் பார்த்தோம், இது நடந்தது. ஊஞ்சல் ஆட்டும் சீனியரிடமும் சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள், "இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த ஊஞ்சல்?" என்று. நல்ல தெரபிஸ்டாக இருந்தால் பேரைச் சொல்லாமலேயே ஒரு கோட்பாட்டைச் சொல்வார். எதுவும் சொல்லவில்லை என்றால் உங்கள் சந்தேகம் சரி.

அந்தப் பையனுக்கு வாரம் மூன்று நாள், தினம் வீட்டில் பத்து நிமிடம் என்று போட்டோம். மூன்றாவது வாரம் சிலேட்டில் 'ட' வந்தது, அப்புறம் 'ப'. ஆறாவது வாரம் மூன்றாவதாக 'ம'வின் வளைவைப் பிடித்ததும் 'படம்' என்று எழுதிவிட்டு, மேலே புள்ளி வைக்கச் சாக்பீஸால் டொக்கென்று குத்தினான், துண்டு உடைந்தது. பள்ளியில் கர்சிவை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது தடவை அம்மாவோடு நானே போனேன், மரப்பலகையையும் எடுத்துக்கொண்டு.